தொட்டியில் ரெண்டு டிகிரி

டமார்!

கண்ணாடி மூடி தரையில் விழுந்து சிதறிய சத்தத்தில் ராஜவேல் பாயிலிருந்து துள்ளி எழுந்தான். விடியுமுன்னே அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் வீடு திரும்பிக் கண்ணயர்ந்தவன். கூரைதான் விழுந்துவிட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தான். கூரை அதன் இடத்தில்தான் இருந்தது. குனிந்து பார்த்தான். கதவோரம், அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில், முழங்கை நீள மீன் ஒன்று வாயைப் பிளந்து துள்ளிக்கொண்டிருந்தது.

"ஐயோ, குபேரா!"

பாய்ந்து போய் இரண்டு கையாலும் அள்ளினான். உள்ளங்கையில் சுருக்கென்று முள் இறங்கியது. வலியில் கத்திக்கொண்டே மீனைத் தொட்டிக்குள் வீசினான். தொட்டி என்றால் சின்னத் தொட்டி இல்லை. ஆள் படுக்கிற கட்டில் அளவுக்கு, முன்னறையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடித் தொட்டி. மீன் விழுந்த வேகத்தில் தண்ணீர் எழும்பி அவன் முகத்தில் அறைந்தது. உதட்டை நக்கினான்.

அப்படியே நின்றுவிட்டான்.

கொல்லையிலிருந்து மனைவி ரேணுகா ஓடிவந்தாள். "என்னங்க உடைஞ்சுது?"

"ரேணுகா, தண்ணி உப்பு கரிக்குது."

"உங்க வேர்வையா இருக்கும்."

"என் வேர்வை எனக்குத் தெரியாதா? இது தொட்டித் தண்ணி."

"அளத்துல வேலை செய்யிற நாக்குக்குப் பாயசம் குடுத்தாலும் உப்பாத்தான் இருக்கும். கையைக் காட்டுங்க மொதல்ல. கெளுத்தி முள்ளு குத்தினா தோள் வரைக்கும் கடுக்கும்."

"கெளுத்தியா? இது அமெரிக்கா மீனும்மா!"

ரேணுகா ஒரு கணம் தயங்கினாள். "அமெரிக்கா முள்ளுன்னா பூ மாதிரி குத்துமா? உக்காருங்க, சுடுதண்ணி வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அனுமந்தைக் கடற்கரையில் பிறந்தவள். மீன் முள்ளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பது அவளுக்குப் பழக்கமான வைத்தியம். ராஜவேல் திண்டிவனம் பக்கம் வேர்க்கடலை விளைகிற ஊரில் பிறந்தவன். அவனுக்கு மீனைக் குழம்பில் மட்டுமே தெரியும். இந்த ஒரு மீனைத் தவிர.

இந்த மீனின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

அள முதலாளி தட்சணாமூர்த்தி ஒருமுறை சென்னைக்குப் போனபோது, கலர் மீன் விற்கிற கடையில் விரல் நீளக் குஞ்சு ஒன்றைப் பார்த்தார். வட அமெரிக்காவில் பெரிய ஆறுகளில் இருக்கிற மீன், நல்ல தீனி போட்டால் ஆள் தூக்க முடியாத அளவுக்கு வளரும் என்றான் கடைக்காரன். அதெல்லாம் முதலாளி காதில் விழவில்லை. மீனின் மீசையை எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு. எட்டுத் திக்குக்கும் எட்டு மீசை, இது வாஸ்து மீனேதான் என்று வாங்கிவந்து குபேரன் என்று பெயரும் வைத்தார். அந்த வருஷம் உப்பு வாருகிற மாதங்களில் ஒரு பொட்டு மழை இல்லை. எல்லாம் குபேரன் செயல் என்று ஆகிவிட்டது.

குபேரன் கூட இருந்த தங்க மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. பிறகு அலங்காரத்துக்கு வைத்த பிளாஸ்டிக் செடியைப் பிடுங்கிப் போட்டது. தொட்டி மூன்று முறை மாறியது. சாம்பல் உடம்பும் அதில் கறுப்புப் புள்ளிகளுமாகக் கனத்து நின்ற மீனைப் பார்த்து, "ஐயா, நம்ம கழுவெளி ஏரிக் கெளுத்தி மாதிரியே இருக்குதுங்களே" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டான் அளத்தில் வேலை செய்கிற குழந்தைசாமி. முதலாளி அவனை வாசல் வரைக்கும் விரட்டினார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

2006 தை மாசம், மகளுக்குப் பிரசவம் என்று முதலாளி குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கிளம்பினார். "அமெரிக்கா மீனை மரக்காணத்துல விட்டுட்டு, மரக்காணத்து ஆளு அமெரிக்கா போறாரு" என்று அளத்தில் சிரித்தார்கள். தொட்டியை டிராக்டரில் ஏற்றி ராஜவேல் வீட்டில் இறக்கினார்கள்.

"ராஜவேலு, பஞ்சநாதனுக்கு முட்டி போயிடுச்சு. இந்த வருஷத்தோட மேஸ்திரி வேலையை விடறேங்கிறாரு. உனக்குத் தர்றதா, குழந்தைசாமிக்குத் தர்றதான்னு எனக்கு யோசனையா இருக்குது. இந்த மீனை வெச்சே முடிவு பண்ணிட்டேன். நான் விட்டுட்டுப் போன மாதிரி திருப்பிக் குடு. வந்த அன்னிக்கே நீதான் மேஸ்திரி."

ராஜவேல் அன்றைக்குத் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டான். பாத்தித் தண்ணீரில் நின்று நின்று குதிகாலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. படுத்தாலும் எரியும், நடந்தாலும் எரியும். மேஸ்திரி வரப்பில் செருப்போடு நிற்பார், குடை பிடித்துக்கொண்டு. அந்தச் செருப்புக்காகவே குபேரனைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான்.

சித்திரையில் மட்டும் சில நாள் ஊரில் இல்லை. சொந்த ஊரில் தீமிதித் திருவிழா, தம்பிக்கு நேர்த்திக்கடன். மீனை யார் பார்ப்பது என்று ரேணுகா வரவில்லை. "கரண்டு வேற அடிக்கடி போவுது, காத்து மோட்டார் நின்னுடும், நான் இருந்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். அவன் திரும்பி வந்தபோது மீன் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் சொல்லப்போனால் முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. சாம்பல் உடம்பில் அந்தக் கறுப்புப் புள்ளிகளைத்தான் காணோம்.

"வளர்ந்தா போயிடும்ங்க. நமக்கு மட்டும் சின்ன வயசு முகமா இருக்குது?" என்றாள் ரேணுகா.

சரிதான் என்று விட்டுவிட்டான். இப்போது கையில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. குபேரன் அவன் கையை வைத்தால் தலையைக் கொண்டுவந்து உரசும். முள்ளால் குத்தியதே இல்லை. கடையில் விற்கிற உருண்டைத் தீனியைத்தான் தின்னும். இப்போது அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ரேணுகாவின் அண்ணன் ஜெயசீலன் அனுமந்தையிலிருந்து கொண்டுவருகிற இறாலை மட்டும் லபக்கென்று விழுங்குகிறது. போதாததற்குத் தண்ணீரில் உப்பு.

அடுத்த நாள் அளத்திலிருந்து வரும்போது 'டிகிரி'யைக் கொண்டுவந்தான். பாத்தியில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க மிதக்கவிடும் கண்ணாடிக் குழல் அது. குடிதண்ணீரில் போட்டால் பூஜ்யத்தில் நிற்கும். கடல் தண்ணீரில் மூன்று காட்டும். தொட்டியில் மிதக்கவிட்டான். இரண்டு.

நாக்கு பொய் சொல்லலாம், டிகிரி பொய் சொல்லாது. யாரோ உப்பு போட்டிருக்கிறார்கள். ஆற்று மீனை உப்புத் தண்ணீரில் கொல்லப் பார்க்கிறார்கள்.

யார்?

இதற்கு அவன் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தைசாமி தினம் சாயங்காலம் வருகிறான். "எப்படிப்பா இருக்கிறாரு நம்ம குபேரன்?" என்று கேட்டுக்கொண்டே தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மீன் செத்தால் மேஸ்திரி வேலை யாருக்கு?

அன்றே தொட்டியைப் பாதிக்கு மேல் காலி செய்து நல்ல தண்ணீர் ஊற்றினான். ரேணுகா தடுத்துப் பார்த்தாள். "மொத்தமா மாத்தாதீங்க, அதுக்கு ஒத்துக்காது."

"உப்புதான் ஒத்துக்காது. நீ சும்மா இரு."

மறுநாள் விடியுமுன்னே எழுந்து பார்த்தால் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. போய்விட்டுத் தலைதெறிக்க ஓடிவந்தான். வந்து பார்த்தால், குபேரன் எதுவுமே நடக்காத மாதிரி தொட்டியை வலம் வந்துகொண்டிருந்தது. டிகிரியைப் போட்டான். மறுபடியும் இரண்டு.

உப்பு எடுத்தால் சாகப் போகிறது, உப்பு ஏறினால் எழுந்து நீந்துகிறது. இது என்ன கணக்கு?

"குழந்தைசாமி வந்தானா?"

"யாரும் வர்ல. ஏன் அந்த மனுசனையே பேசறீங்க?" என்றாள் ரேணுகா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ராஜவேல் முன்னறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டான். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். இனிமேல் தினம் சில குடம் பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, அவ்வளவு நல்ல தண்ணீரை அவனே ஊற்றுவது என்று முடிவு. ரேணுகா குடத்தில் கொண்டுவந்து வாசலில் வைப்பாள். அவன் பூட்டைத் திறந்து, குடத்தை வாங்கி, தன் கையால் தொட்டியில் கவிழ்ப்பான். பிறகு பூட்டு. ஈ எறும்பு நுழைய முடியாது.

தண்ணீர் இரண்டு டிகிரியிலேயே நின்றது.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் திறக்கவில்லை. அப்படியானால் குழாய்த் தண்ணீரே உப்பாக வருகிறதோ? ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆபரேட்டர் தனக்கோடியிடம் நேராகப் போய் நின்றான்.

"ஏம்பா, நீ விடற தண்ணி உப்பா இருக்குது."

தனக்கோடி பீடியை வாயிலிருந்து எடுத்தார். "ஊரே குடிக்குது, ஒருத்தனும் சொல்லல. உங்க ஊட்டுக்கு மட்டும் தனியா உப்பு போட்டு அனுப்பறனா? அளத்துக்காரன் வந்து தண்ணி உப்புன்னு பிராது குடுக்கிறியே, மொதல்ல உன் நாக்கைக் கழுவுடா."

அவர் எதிரிலேயே குழாயைத் திறந்து டிகிரியைப் போட்டுப் பார்த்தான். பூஜ்யம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான்.

அந்த வாரம் இறாலோடு வந்த ஜெயசீலனைத் தனியாக ஓரம் கட்டினான்.

"மச்சான், நீ கடல்லயே கெடக்கிறவன். சிரிக்காம சொல்லு. மீனு உப்பா மூத்திரம் பேயுமா?"

ஜெயசீலன் சிரிக்கவில்லை. "பேயாமயா? கடல் எப்படி உப்பாச்சுன்னு நினைச்சீங்க மாப்ள?"

"வெளையாடாத."

"நான் ஏன் வெளையாடப் போறேன்? பெரிய மீனு, பெருசா பேயும். வுடுங்க." சொல்லிவிட்டு அவன் அவசரமாகத் தங்கையைப் பார்த்தான். தங்கை இறால் உரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

ராஜவேல் அன்று முழுக்க அதை நம்பிக்கொண்டிருந்தான். நம்புவதற்கு வேறு எதுவும் இல்லை.

அடுத்து மீசை வந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒருநாள் சும்மா எண்ணினான். ஆறு. மறுபடி எண்ணினான். மீன் திரும்பிக்கொண்டது. அந்தப் பக்கம் ஓடி எண்ணினான். ஆறுதான். மூக்கு ஓரத்தில் ஊசி போல நிற்குமே இரண்டு, அவை இருந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது.

"ரேணுகா! ரெண்டு மீசையைக் காணோம்!"

"கண்ணாடியில தேய்ச்சுத் தேய்ச்சு உதிர்ந்திருக்கும்."

"மீசை உதிருமா?"

"உங்களுக்கு முடி உதிரல?"

அதற்கும் பதில் இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரேணுகா இவ்வளவு பதில் சொல்கிறவள் இல்லை. மீனைவிடப் பொண்டாட்டியைப் பற்றித்தான் பயப்பட வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றியது. சீச்சீ என்று அந்த நினைப்பை ஒதுக்கினான்.

முதலாளி அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். அவர் கொடுத்துவிட்டுப் போன செல்போனைத்தான் ராஜவேல் வைத்திருந்தான். பேரனைப் பற்றிய பேச்சை ஒரு வரியில் முடித்துவிட்டு, "போனைத் தொட்டிகிட்ட வை" என்பார். காற்று மோட்டாரின் குமிழிச் சத்தத்தை அங்கிருந்து கேட்பார். "குபேரா, சாப்டியாடா?" என்பார்.

ஒருமுறை அவன் போனை வைத்தபோது மீன் தொண்டையிலிருந்து 'க்ர்ர், க்ர்ர்' என்றது.

"என்னய்யா அது? இவன் கத்த மாட்டானே?"

ராஜவேல் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "உங்க குரலைக் கேட்டுட்டு ஏங்கறானுங்க."

அந்தப் பக்கம் முதலாளி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆடி முடியறதுக்குள்ள வந்துடறேன்டா, கண்ணு."

ஆடி மாசத்தில், சொன்னபடியே வந்தார். விமான நிலையத்திலிருந்து வந்த கார், அவர் வீட்டைத் தாண்டி நேராக ராஜவேல் வாசலில் நின்றது. காதுவரை மூடிய குல்லாவோடு இறங்கினார். மரக்காணத்து வெயிலில் அந்தக் குல்லா எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை, கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்டு அளத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்களோடு குழந்தைசாமியும் வந்து தூணில் சாய்ந்து நின்றான். முட்டியைப் பிடித்துக்கொண்டு பழைய மேஸ்திரி பஞ்சநாதனும் வந்தார்.

ராஜவேல் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தான்.

"பூட்டு எதுக்குய்யா?"

"பாதுகாப்புக்குங்க."

முதலாளி தொட்டியருகில் போய்க் கைகூப்பினார். மீன் ஒரு சுற்று வந்து அவரைப் பார்த்து நின்றது. "வளர்ந்துட்டான்" என்றார். கண் கலங்கிவிட்டது. "பஞ்சநாதா, பாத்தியா? புள்ள மாதிரி பாத்துக்கிட்டிருக்கிறான். நாளையிலேர்ந்து இவன்தான் மேஸ்திரி, எழுதி வெச்சுக்க."

ராஜவேலுக்குக் காலில் எரிச்சல் நின்றுபோன மாதிரி இருந்தது. திரும்பி ரேணுகாவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள்.

அப்போதுதான் முதலாளி தொட்டியின் விளிம்பைத் தடவினார். தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. உப்பு வியாபாரிக்கு வெள்ளையாக எதைக் கண்டாலும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம். வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. கையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு எடுத்து மறுபடி நக்கினார்.

"உப்பு!"

முதலாளி ராஜவேல் பக்கம் திரும்பினார்.

"ஆத்து மீனுய்யா இது! உப்புத் தண்ணியில போட்டு வெச்சிருக்கிறியா? கொல்லப் பாத்தியா? நீ என்ன மேஸ்திரி ஆவறது, அளத்துப் பக்கமே காலை வெக்கக் கூடாது!"

"ஐயா, நான் இல்லீங்க! சத்தியமா இல்லீங்க!" ராஜவேல் கதறினான். "எத்தினி தடவை மாத்தினேன், பூட்டுப் போட்டேன், தனக்கோடியாண்ட போய்க்கூட சண்டை போட்டேன். எப்படி ஏறுதுன்னே புரியலீங்க!"

"புரியலியா? உப்பு என்ன நடந்தா வருது?" தூணோரமிருந்து குழந்தைசாமி கேட்டுவிட்டான்.

அவ்வளவுதான். இத்தனை மாதக் குழப்பமும் ராஜவேலின் கைக்கு வந்துவிட்டது. பாய்ந்து குழந்தைசாமியின் சட்டையைப் பிடித்தான்.

"இவன்தான்யா! தினம் வந்து தொட்டியைச் சுத்துவான். மேஸ்திரி வேலைக்காவ இவன்தான் உப்பு போட்டான்!"

"டேய், கையை எடுறா! நான் அந்த மீனைப் பாக்க வந்ததே..."

"எதுக்குடா வந்த? சொல்லு, எதுக்கு வந்த?"

"ஆசையாத்தான் வந்தேன்! எங்க ஊட்டுல டிவிகூட இல்லடா!"

சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. பஞ்சநாதன் நடுவில் புகுந்து விலக்கப் பார்த்து, முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் முகம் சிவந்தது. அவர் குழந்தைசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியா சங்கதி? கெளுத்தின்னு அன்னிக்கே சொன்னவன்தானே நீ? உன் கண்ணு அப்பவே இதுமேல இருந்திருக்குது. டிரைவர், வண்டியை எடு. இவனை ஏத்து. ஸ்டேஷன்ல வெச்சுக் கேட்டா சொல்லிடுவான்."

"ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா! புள்ளகுட்டிக்காரன்யா!" குழந்தைசாமி இப்போது அழுதேவிட்டான். டிரைவர் ஒரு கையைப் பிடித்தான். ராஜவேல் மறு கையை விடவில்லை. ஒருவழியாக ஆள் அகப்பட்டான், ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்ற ஆவேசத்தில் அவனை வாசலை நோக்கி இழுத்தான்.

வாசலை அடைத்துக்கொண்டு ரேணுகா நின்றாள். புருஷனின் கையைப் பிடித்துக் குழந்தைசாமியின் சட்டையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த மனுசனை வுட்டுடுங்கய்யா, குடத்துல உப்பைக் கரைச்சு குடுத்தது நான்தான், உங்க குபேரன் சித்திரையில கரண்டு போன அன்னிக்கே செத்துட்டான், இது எங்கண்ணன் கழுவெளி உப்புத் தண்ணியில புடிச்ச கெளுத்தி."